நிலநடுக்கத்துல இடிஞ்ச ஐடிஐ-ய அரசும் கம்பெனியும் சேர்ந்து திரும்ப கட்டுறது நடக்குற காரியமா?

புதுக்கணக்கு:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் டீம்ல (கம்பெனி லாபத்துல ஒரு பங்க சமூகத்துக்கு செலவு பண்ற டீம்) இருக்கேன், சேர்ந்து ஒன்றரை வருஷம் தான் ஆகுது, அதுக்கு முன்னாடி அதே கம்பெனில அக்கவுண்ட்ஸ். போன வாரம் மீட்டிங்ல எங்க டைரக்டர் திடீர்னு ஒரு ஐடியா போட்டார். எங்கயாவது நிலநடுக்கம் வந்தா பிஸ்கட் பாக்கெட்டும் போர்வையும் எல்லாரும் தான் அனுப்புறாங்க, நாம ஒரு தொழிற்பயிற்சி நிலையத்த எடுத்து முழுசா திரும்ப கட்டிக் குடுப்போம், அரசு நிலம் தரட்டும், நாம கட்டடமும் மெஷினும் தருவோம், பிபிபி, அதாவது அரசு-தனியார் கூட்டு மாடல்னு போட்டு ஒரு நோட் ரெடி பண்ணு, ரெண்டு வாரத்துல வேணும்னு சொல்லிட்டு போயிட்டார்.

நானும் உக்காந்து எழுதினேன். 18 மாசத்துல கட்டடம், அப்புறம் மெஷின் இறக்குறது, அப்புறம் திறப்பு விழா, அப்புறம் அரசுகிட்ட ஒப்படைப்பு. பாக்க அழகா தான் இருக்கு. ஆனா எழுதி முடிச்சதும் எனக்கே உறுத்துச்சு. அந்த 18 மாசமும் ஏற்கனவே படிச்சிட்டு இருந்த பசங்க எங்க போவாங்க? ஒப்படைச்ச பிறகு மெஷின் ரிப்பேர் ஆனா யார் பாப்பாங்க? நாம காசு குடுத்து கட்டிட்டா அது பிபிபி ஆயிடுமா, இல்ல வெறும் நன்கொடையா? ஆபீஸ்ல கேட்டா நெட்ல பாருங்கறாங்க, நெட்ல பாத்தா எல்லாமே ரிப்பன் வெட்டுற ஃபோட்டோ.

இங்க சிவில், ஐடிஐ, கான்ட்ராக்ட் லைன்ல இருக்கற பெரியவங்க இருக்கீங்க. நிஜமா நிலநடுக்கம் நடந்த இடத்துல வேலை பாத்தவங்க இருந்தா இன்னும் நல்லது. திட்டினாலும் பரவால்ல, சொல்லுங்க.

தூக்குகுண்டு:

நான் 2002ல இருந்து ரெண்டு வருஷம் குஜராத்ல கட்ச் மாவட்டத்துல சைட் இன்ஜினியரா இருந்தேன். காலேஜ் முடிச்ச கையோட போனது, குஜராத்தியும் வராது, ஹிந்தி அரைகுறை. 2001 ஜனவரி 26 காலைல 8:46க்கு ஆடுச்சு, 7.7 அளவு. குடியரசு தினம்ங்கறதால அஞ்சார்ங்கற ஊர்ல ஊர்வலம் போயிட்டு இருந்த பள்ளிக்கூட பிள்ளைங்க மேல சந்துக்குள்ள ரெண்டு பக்க கட்டடமும் விழுந்துச்சு. நான் போனப்ப ஒரு வருஷம் தாண்டியும் சில தெருவுல இடிபாடு அப்படியே கிடந்துச்சு. ஆனா அங்க பன்னி (Banni)ங்கற பகுதில இருக்கற வட்ட வடிவ மண் வீடு, புங்கா (bhunga)னு சொல்வாங்க, அதுல நிறைய அசையாம நின்னுச்சு. பக்கத்துல கான்கிரீட் வீடு படுத்துக் கிடக்கும். பாத்துட்டு நாலு வருஷம் படிச்சத எங்க வைக்கிறதுன்னு தெரியல.

உங்க கேள்விக்கு வர்றேன். குஜராத்ல அரசு அப்பவே கூட்டு முறைய கொண்டு வந்துச்சு, ஒரு அமைப்போ கம்பெனியோ ஊர தத்தெடுத்தா செலவுல பாதிய அவங்க போடணும், மீதி அரசு. சில ஊர் அப்படி எழும்புச்சு. ஆனா பெரும்பாலான குடும்பங்க எங்க வீட்ட நாங்களே கட்டிக்கறோம், காசை மட்டும் குடுங்கனு சொல்லிட்டாங்க. காசு மொத்தமா வரல, தவணை தவணையா தான் வந்துச்சு, ஒவ்வொரு தவணைக்கும் முன்னாடி இன்ஜினியர் வந்து பாத்து கையெழுத்து போடணும். இந்த ஒரு விஷயத்த உங்க நோட்ல அப்படியே எடுத்துக்கங்க. கம்பெனி காண்ட்ராக்டருக்கு மொத்தமா செக் குடுக்கக் கூடாது. ஃபவுண்டேஷன், லிண்டல் மட்டம் (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற மட்டம்), ரூஃப் சென்ட்ரிங் (கூரை கான்கிரீட்டுக்கு பலகை அடிக்கறது), மூணு இடத்துலயும் நிறுத்தி வெளியாள் ஒருத்தர் பாத்த பிறகு தான் அடுத்த பணம். வெளியாள்னா காண்ட்ராக்டர் சம்பளம் குடுக்குற ஆளு கிடையாது.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, பில்லர் ரிங் விவகாரம். பில்லர் கம்பிய சுத்தி கட்டுற ரிங்கோட முனைய 135 டிகிரி உள்ள மடிச்சு கான்கிரீட்டுக்குள்ள கொக்கி மாதிரி விடணும், நம்ம நாட்டு நிலநடுக்கக் கட்டட விதி ஐஎஸ் 13920 அப்படித்தான் சொல்லுது, 1993லயே வந்துடுச்சு. ஆனா கம்பி கட்டுறவர் 90 டிகிரில மடிச்சு விட்டுட்டு போயிட்டே இருப்பார், ஏன்னா அது தான் கைக்கு ஈசி, ஒரு நாளைக்கு எத்தனை ரிங்னு தான் கூலி. எங்க சைட்ல ஒரு பெரியவர் இருந்தார், பாத்து பாத்து சொல்லி அலுத்துட்டேன், எல்லா ஊர்லயும் இப்படித்தான் பேட்டானு சிரிப்பார். ஒரு நாள் மத்தியானம் அவரை பைக்ல வச்சு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இடிஞ்சு கிடந்த ஒரு கட்டடத்துக்கு கூட்டிட்டு போனேன். பில்லர் அடில கான்கிரீட் பொடிஞ்சு, ரிங் எல்லாம் வாயைப் பொளந்துட்டு, உள்ள இருந்த நெட்டுக் கம்பி வாழைத்தண்டு நார் மாதிரி வெளிய வளைஞ்சு நிக்குது. அவர் ஒண்ணும் பேசல, ஒரு ரிங் முனைய விரலால தடவிப் பாத்தார். மறுநாள் காலைல வந்து முந்தின நாள் கட்டினது அத்தனையும் அவரே அவுத்துட்டார். அந்த கூலிய நான் தான் மல்லுக்கட்டி வாங்கிக் குடுத்தேன்.

அப்புறம் ஒர்க்‌ஷாப் கட்டடத்துக்குனே ஒரு வியாதி உண்டு. வெளிச்சம் வேணும்னு ரெண்டு பில்லருக்கு நடுவுல இடுப்பளவு சுவர் வச்சுட்டு மேல நீளத்துக்கு ஜன்னல் விடுவாங்க. ஆடும்போது பில்லரோட கீழ்ப்பாதிய சுவர் இறுக்கிப் பிடிச்சிக்கும், மேல இருக்கற குட்டி நீளம் தான் மொத்த ஆட்டத்தையும் வாங்கும், எக்ஸ் போட்ட மாதிரி வெடிச்சிடும். சுவருக்கும் பில்லருக்கும் நடுவுல கேப் விட்டு கட்டணும், இல்லன்னா பில்லர் முழு உயரத்துக்கும் ரிங்க நெருக்கி கட்டணும். டிசைன் பண்றவர்கிட்ட இதை கேளுங்க, முழிச்சார்னா ஆள மாத்துங்க. இன்னொரு நிலநடுக்க விதி ஐஎஸ் 1893ல பள்ளிக்கூடத்துக்கு முக்கியத்துவ காரணி 1.5, அதாவது அதே இடத்துல சாதாரண வீட்டுக்கு எடுக்கறத விட ஒன்றரை மடங்கு விசைக்கு டிசைன் பண்ணணும். செலவு கொஞ்சம் ஏறும், அதுல கை வைக்க வேண்டாம்.

லேத்து வாத்தியார்:

தம்பி, நான் ஐடிஐ-ல டர்னர் டிரேடு (லேத் மெஷின்ல கடையற தொழிற்பிரிவு) இன்ஸ்ட்ரக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். நிலநடுக்கம் பாத்ததில்ல, ஆனா பிபிபி பாத்திருக்கேன், அதுவும் கிட்டத்தட்ட நிலநடுக்கம் தான்.

2007-08ல மத்திய அரசு 1396 அரசு ஐடிஐ-ய பிபிபி-ல மேம்படுத்துறோம்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. ஒவ்வொரு ஐடிஐ-க்கும் ஒரு கம்பெனிய பார்ட்னரா போட்டு, ஐஎம்சினு ஒரு நிர்வாகக் குழு, அத சொசைட்டியா பதிவு பண்ணி, அதுக்கு கம்பெனிக்காரர் தான் சேர்மன். வட்டி இல்லாம 2.5 கோடி கடன், முதல் 10 வருஷம் கட்ட வேண்டாம், அடுத்த 20 வருஷத்துல கட்டணும். 20 சதவீத சீட்ட குழுவே நிரப்பிக்கலாம். காகிதத்துல தங்கம். எங்க இடத்துல என்ன ஆச்சுன்னா, சேர்மன் நல்ல மனுஷர், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவார், டீ குடிப்பார், ஃபைல்ல கையெழுத்து போடுவார். ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற) மெஷின் வாங்கினோம். வந்து இறங்கினப்ப தான் ஞாபகம் வந்துச்சு, எங்க சாங்ஷன் லோடு, அதாவது எங்களுக்கு அனுமதிச்ச கரண்ட் அளவு, அதுக்கு பத்தாது. இபி-க்கு எழுதி, டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு பதில் வந்து, அதுக்கு யார் பணம் கட்டுறதுனு ஒரு சண்டை. அந்த 2.5 கோடில எடுக்கலாமா கூடாதானு ஆடிட்டர் ஒரு பக்கம். பதினாலு மாசம் அந்த மெஷின் பாலித்தீன் கவரோட நின்னுச்சு, பசங்க அத தொட்டா நானே சத்தம் போடுவேன். வாரன்டி கவருக்குள்ளயே முடிஞ்சுது.

அதனால மெஷின் வாங்கித் தர்றேன்னு சொல்றதுக்கு முன்னாடி கரண்ட் லோடு, மெஷின் ஃபவுண்டேஷன், கூலன்ட் வாங்க மாசாமாசம் காசு, சர்வீஸ் இன்ஜினியர் வர்ற செலவு, இதெல்லாம் யார் தலைலனு எழுதிக்கோ.

இன்னொண்ணு. கட்டடம் இடிஞ்சா மெஷின் எல்லாம் போச்சுனு நினைச்சு ஸ்கிராப்புக்கு போடாதீங்க. எங்க ஒர்க்‌ஷாப் கூரை ஒரு மழைக்கு உள்ள இறங்கிடுச்சு, நல்ல காலம் ராத்திரி நேரம். ஆறு லேத் மேல ஓடும் மரச்சட்டமும் விழுந்து மண்ணும் தண்ணியுமா கிடந்துச்சு. அதிகாரி வந்து பாத்துட்டு இனி உதவாதுனு கண்டெம் பண்ணி எழுதிடலாம்னார். நான் ரெண்டு மாசம் டைம் கேட்டேன். செகண்ட் இயர் பசங்கள விட்டு ஒவ்வொண்ணா பிரிச்சோம். மோட்டார கழட்டி காய வச்சு மெக்கர் (கரண்ட் கசியுதானு பாக்கற மீட்டர்) போட்டுப் பாத்ததுல நாலு தேறுச்சு, ரெண்டு ரீவைண்டிங் போச்சு. பெட்டு மேல ஸ்பிரிட் லெவல் வச்சு திரும்ப மட்டம் பிடிச்சோம், சென்டருக்கு நடுவுல டெஸ்ட் பார் போட்டு டயல் வச்சு ஓட்டிப் பாத்தோம். ஒரு லேத்துல மட்டும் ஹெட்ஸ்டாக் (சுத்துற தலைப்பகுதி) ஒதுங்கிப் போச்சு, அத கடைசி வரைக்கும் சரி பண்ண முடியல, ஸ்பேருக்கு வச்சுக்கிட்டோம். ஆறுல அஞ்சு ஓடுச்சு. அந்த பேட்ச் பசங்களுக்கு அந்த ரெண்டு மாசத்துல தெரிஞ்சது எனக்கு அப்ரன்டிஸ் முடிச்சப்ப கூட தெரியாது.

நீ கேட்டியே, 18 மாசம் பசங்க எங்க போவாங்கனு. அது தான் முதல் கேள்வி, கட்டடம் ரெண்டாவது. பாதி கோர்ஸ்ல இருக்கறவனுக்கு டிரேடு டெஸ்ட் தேதி நிக்காம வரும். பக்கத்து ஐடிஐ-ல ரெண்டாவது ஷிப்ட் போட்டு பரீட்சைக்கு அனுப்பணும், புது இடத்துல ஷெட்டு போட்டா அதுக்கும் அஃபிலியேஷன் (பயிற்சி நடத்த அங்கீகாரம்) குடுக்கற ஆளுங்க வந்து டிரேடுக்கு இத்தனை சதுர மீட்டர், இத்தனை கிலோவாட்னு அளப்பாங்க. இதுக்கு தற்காலிக அனுமதி வாங்குற வேலைய அரசு தான் செய்யணும், கம்பெனியால முடியாது. அத ஒப்பந்தத்துல அரசோட கடமைனு எழுது.

பத்திரம்_பாத்து:

லேத்து சார் சொன்னது நூத்துக்கு நூறு. நான் கான்ட்ராக்ட் டிராஃப்டிங் பக்கம் இருக்கறவன், கொஞ்சம் கசப்பா பேசுவேன், மன்னிக்கணும்.

முதல்ல உங்க டைரக்டர் சொல்றது பிபிபி இல்ல. கட்டிக் குடுத்துட்டு சாவிய நீட்டிட்டு போறது நன்கொடை, அதுல தப்பே இல்ல, ஆனா பேர மாத்தி வைக்காதீங்க. பிபிபினா கட்டினவனுக்கே அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஒரு பொறுப்பு இருக்கணும், ஒழுங்கா நடத்தலன்னா அவன் பாக்கெட்ல அடி விழணும். அந்த அடி எங்க விழும்னு உங்க நோட்ல காட்ட முடியலன்னா அது பிபிபி கிடையாது.

ரெண்டாவது, சிஎஸ்ஆர் காசோட ஆயுசு. கம்பெனிகள் சட்டம் 135வது பிரிவு, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம், அதுல பேரிடருக்கு அப்புறம் மறுகட்டுமானமும் அடங்கும், தொழில் பயிற்சியும் அடங்கும், அதனால செலவு பண்றதுல சிக்கல் இல்ல. ஆனா தொடர் திட்டம்னு காட்டினா கூட ஆரம்பிச்ச வருஷத்த விட்டு மூணு வருஷம் தான். பத்து வருஷம் நடத்துறேன்னு அந்த காசை வச்சு வாக்கு குடுக்க முடியாது. அதுவும் போக, சிஎஸ்ஆர் காசுல உண்டான சொத்து கம்பெனி பேர்ல இருக்க முடியாது, டிரஸ்ட்டோ சொசைட்டியோ அரசு அமைப்போ தான் வச்சுக்கணும். அப்ப கட்டுறதுக்கு சிஎஸ்ஆர், நடத்துறதுக்கு வேற பைனு ரெண்டா பிரிங்க. நடத்துற பைல என்ன வரும்? படிக்கிற ஆள் ஒருத்தருக்கு இவ்வளவுனு அரசு தர்ற தொகை, கம்பெனிகளோட அப்ரன்டிஸ் ஒப்பந்தம், சாயந்திரம் ஷார்ட் டேர்ம் கோர்ஸ் கட்டணம். இதெல்லாம் கூட்டிப் பாத்தும் பத்தலன்னா அந்த குறைய யார் ஏத்துக்கறாங்கனு பேர் போட்டு எழுதணும். 2025 மே மாசம் மத்திய அரசு ஒப்புதல் குடுத்த 60,000 கோடி ஐடிஐ திட்டத்துலயும் இதே சிந்தனை தான், மத்திய அரசு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில்துறை 10,000, 1000 அரசு ஐடிஐ-க்கு. ஒரு சிறப்பு நோக்க நிறுவனம் (இந்த வேலைக்குனே தனியா உண்டாக்கறது) வச்சு தொழில்துறைய உள்ள இழுக்கப் பாக்கறாங்க. 2007ல டீ குடிச்சிட்டு போன சேர்மன இந்த தடவ கட்டிப் போட முடியுமானு பாக்கணும், எனக்கு பாதி நம்பிக்கை தான்.

மூணாவது, தூக்குகுண்டு சொன்ன வெளியாள் மேட்டர். இதுக்கு ஸ்காட்லாந்துல ஒரு கதை இருக்கு, நிலநடுக்கமே வேண்டாம்ங்கற கதை. எடின்பரோல ஆக்ஸ்கேங்க்ஸ்னு ஒரு ஆரம்பப் பள்ளி, பிபிபி-ல கட்டினது. 2016 ஜனவரில ஒரு புயல் காத்துக்கு வெளிச்சுவர் சரிஞ்சு ஏறத்தாழ ஒன்பது டன் கல்லு பிள்ளைங்க நடக்கற பாதைல விழுந்துச்சு. விடியற நேரங்கறதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஏப்ரல்ல அதே திட்டத்துல கட்டின 17 பள்ளிய மூடிட்டாங்க. 2017ல வந்த விசாரணை அறிக்கைல என்னன்னா, ரெண்டு அடுக்கு சுவர ஒண்ணோட ஒண்ணு பிணைக்கிற கம்பித் துண்டு போதிய அளவு உள்ள போகல, சில இடத்துல இல்லவே இல்ல. தனியார் காசுங்கறதால தான் விழுந்துச்சுனு அறிக்கை சொல்லல. கட்டினவன் வேலைய கட்டினவனே சரினு எழுதிக்கிட்டான், நகராட்சி தனியா ஒரு ஆள நிறுத்தல, அங்க தான் ஓட்டை. காத்துக்கே அப்படின்னா கட்ச்ல எப்படினு யோசிச்சுக்கங்க.

சும்மா_படிக்கிறவன்:

எனக்கு ஒரு டவுட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு ஏன் கம்பெனி? சீனால 2008 மே 12 சிச்சுவான் நிலநடுக்கத்துக்கு அப்புறம் 19 மாகாணங்கள ஆளுக்கு ஒரு பாதிக்கப்பட்ட மாவட்டம்னு ஜோடி சேத்து விட்டாங்க, உன் முந்தின வருஷ வருமானத்துல 1 சதவீதம் மூணு வருஷத்துக்கு அங்க போடுனு. வென்சுவானுக்கு குவாங்டோங், பெய்ச்சுவானுக்கு ஷான்டோங். சரசரனு எழும்புச்சே.

பத்திரம்_பாத்து:

எழும்புச்சு, மறுக்கல. ஆனா அதே நிலநடுக்கத்துல 5,335 மாணவர்கள் இறந்தோ காணாமலோ போனதா அரசே கணக்கு குடுத்துச்சு, அந்த பள்ளிக்கூடமும் அரசு கட்டினது தான், ஏன் விழுந்துச்சுனு கேட்ட பெத்தவங்கள வாயை அடைச்சாங்க. அதனால தான் சொல்றேன், அரசா தனியாராங்கறது பாதி கேள்வி. யார் செக் பண்றாங்க, அந்த ரிப்போர்ட்ட யார் படிக்க முடியும்ங்கறது மீதி. செக்கிங் ரிப்போர்ட் பள்ளிக்கூட வாசல்ல ஒட்டணும்னு ஒரு ஷரத்து போடுங்க, பைசா செலவில்ல.

மலைப்பாதை:

கொஞ்சம் லேட்டா வர்றேன். நான் 2016லயும் 2017லயும் நேபாள்ல கொத்தனார் பயிற்சி குடுக்குற ஒரு டீம்ல இருந்தேன். இங்க எல்லாரும் ஐடிஐ கட்டடத்த பத்தியே பேசுறீங்க, நான் ஆளுங்கள பத்தி பேசுறேன்.

முதல்ல ஒரு விஷயம். பாகிஸ்தான்ல 2005 அக்டோபர் 8 காலைல ஆடுனது சனிக்கிழமை, அங்க அன்னைக்கு பள்ளிக்கூடம் நடந்துட்டு இருந்துச்சு, ஆயிரக்கணக்குல பிள்ளைங்க கிளாஸ் ரூம்லயே போயிட்டாங்க. நேபாள்ல 2015 ஏப்ரல் 25, பகல் 11:56, 7.8, அதுவும் சனிக்கிழமை தான், ஆனா நேபாள்ல சனிக்கிழமை தான் வார லீவு. பள்ளிக்கூடங்க ஆயிரக்கணக்குல நாசமாச்சு, உள்ள ஆள் இல்ல. இத அங்க டீச்சர்ஸ் என்கிட்ட சொல்லும்போது சந்தோஷமா சொல்லல, பயத்தோட சொன்னாங்க.

சரி, அதுக்கப்புறம் வீடு கட்ட குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய், மூணு தவணை, 50 ஆயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம், தூக்குகுண்டு அண்ணா சொன்ன மாதிரி நடுவுல இன்ஜினியர் பாத்து ஓகே பண்ணணும். காசு இருக்கு, ரூல் இருக்கு, கட்ட ஆள் இல்ல. இளவட்டம் பூரா வளைகுடாவுலயும் மலேசியாவுலயும். ஊர்ல மிச்சம் இருந்தது பெரியவங்க, பொண்ணுங்க. அனுபவம் உள்ள கொத்தனாருக்கு ஏழு நாள் பயிற்சி, புதுசா வர்றவங்களுக்கு 50 நாள், நிஜ வீட்ட கட்டிக்கிட்டே கத்துக்கணும். எங்க பேட்ச்ல பாதிக்கு மேல பொண்ணுங்க. ஒரு அக்கா, முப்பது வயசு இருக்கும், வீட்டுக்காரர் கத்தார்ல. முதல் வாரம் கல்லு தூக்கிக் குடுக்க மட்டும் தான் வந்தாங்க, கொத்துக் கரண்டிய தொடமாட்டேன்னுட்டாங்க, ஊர்ல சிரிப்பாங்கனு. மூலைக்கல்லு வைக்கிறப்ப நீளக் கல்ல மாத்தி மாத்தி குறுக்க போட்டு பின்னணும், இல்லன்னா ஆட்டத்துல மூலை பிரிஞ்சுடும். அத வாத்தியார் தப்பா வச்சத அந்த அக்கா தான் கண்டுபிடிச்சாங்க, கல்லு தூக்கி தூக்கி எது எங்க போகுதுனு அவங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. அன்னைக்கு சாயந்திரம் கரண்டி அவங்க கைல. கடைசி வாரம் லிண்டல் பெல்ட்டுக்கு கம்பி கட்டுனதே அவங்க தான்.

இத எதுக்கு சொல்றேன்னா புதுக்கணக்கு, நிலநடுக்கம் வந்த ஊர்ல அடுத்த நாலஞ்சு வருஷத்துக்கு தேவையே கொத்தனார், கம்பி கட்டுறவர், வெல்டர், ஒயர்மேன், பிளம்பர் தான். இதெல்லாம் சொல்லிக் குடுக்குற ஒரே இடத்த இடிஞ்சு போச்சுனு 18 மாசம் பூட்டி வச்சுட்டு, வெளியூர் காண்ட்ராக்டர், வெளியூர் லேபர் வச்சு பளபளன்னு கட்டி திறக்கறது எனக்கு புரியவே இல்ல. மூணு மாசத்துக்குள்ள தகர ஷெட்டு போட்டு அந்த டிரேடுகள மட்டும் முதல்ல ஆரம்பிங்க. பள்ளிக்கூடத்தோட காம்பவுண்டு சுவரையும் டாய்லெட்டையும் அந்த பசங்களே கட்டட்டும், பில்லரும் ரூஃபும் வேண்டாம், அது பெரியவங்க வேலை, கூட நின்னு பாக்கட்டும். உதவித்தொகை கட்டாயம் வைங்க. வீடு இடிஞ்சவன் தினக்கூலிய விட்டுட்டு உங்க கிளாஸுக்கு வரமாட்டான். பொண்ணுங்க வரணும்னா டாய்லெட்டும் குழந்தைய விட ஒரு ரூமும் முதல் நாளே இருக்கணும், ரெண்டாம் கட்டத்துல பாப்போம்னா அந்த ரெண்டாம் கட்டம் வராது, நான் பாத்திருக்கேன்.

கட்ச்ல ஹுன்னர்ஷாலானு ஒரு அமைப்பு நிலநடுக்கத்துக்கு அப்புறம் வந்தது தான், படிப்ப பாதில விட்ட பசங்களுக்கு கொத்து வேலை, மர வேலை சொல்லிக் குடுக்க கரிகர்ஷாலானு ஒரு பள்ளி நடத்துறாங்க. முடிஞ்சா நேர்ல போய் பாருங்க.

புதுக்கணக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். மலைப்பாதை அக்கா, தகர ஷெட்டுங்கறது எனக்கு நல்லாவே புரியுது, ஆனா எங்க டைரக்டர்கிட்ட ஷெட்டுனு சொன்னா முகம் சுருங்கிடும், அவருக்கு கட்டடம் வேணும், அதுல பேர் வேணும், உண்மைய சொல்லிடறேன். இன்னொரு சந்தேகம், நாம எந்த டிரேடு வைக்கணும்னு எப்படி முடிவு பண்றது? நிலநடுக்க வேலை நாலஞ்சு வருஷத்துல முடிஞ்சுடுமே, அப்புறம் அந்த கொத்தனார் எல்லாம் என்ன பண்ணுவாங்க?

தூக்குகுண்டு:

ரெண்டாவது கேள்விக்கு கட்ச்சே பதில். 2001 ஜூலை கடைசில மத்திய அரசு கட்ச்ல புதுசா வர்ற தொழிற்சாலைக்கு அஞ்சு வருஷம் கலால் வரி விலக்குனு அறிவிச்சுது. அவ்வளவு தான், ஸ்டீல், பைப்பு, டைல்ஸ்னு வரிசையா வந்து இறங்குனாங்க. நான் இருந்த கடைசி ஆறு மாசத்துலயே ரோட்டோரம் பூரா ஷெட்டு ஷெட்டா எழும்புச்சு. ஆனா உள்ள வெல்டிங் பண்ணவங்க நிறைய பேர் பீகார், ஒடிசா, நம்மூர் ஆளுங்க. எங்க கூட வேலை பாத்த உள்ளூர் பசங்க கேட்டுல செக்யூரிட்டியா நின்னத நானே பாத்தேன். அதனால முதல் ரெண்டு வருஷம் கட்டுமான டிரேடு, அத நடத்தும்போதே அந்த மாவட்டத்துக்கு எந்த தொழில் வரப் போகுதுனு கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்து விசாரிச்சு மூணாவது வருஷத்துல வெல்டர், எலக்ட்ரீஷியன், மெயின்டனன்ஸ்னு திருப்பணும். கட்டடத்த முதல்லயே எல்லா டிரேடுக்கும் ரூம் ரூமா பிரிச்சு சுவர் வைக்காம, பெரிய ஹால் ஹாலா விடுங்க.

பத்திரம்_பாத்து:

பேர் வேணும்னா குடுங்க, அதுல என்ன. ஆனா பேர்ப்பலகைய நிரந்தரம்னு எழுதாம, ஒப்பந்தம் ஓடுற வரைக்கும்னு எழுதுங்க. நடத்துற பொறுப்புல இருந்து பாதில கழண்டா பலகையும் கழண்டுடும். டைரக்டருக்கு பத்து வருஷம் பேர் நிக்கணும்னா பத்து வருஷம் காசு நிக்கணும், அவ்வளவு தான் கணக்கு. நீங்க பழைய அக்கவுண்ட்ஸ் ஆளு, அழகா சொல்லிடுவீங்க.

மலைப்பாதை:

இது செம, நான் இத எடுத்துக்கறேன்.

ஷெட்டுக்கு இன்னொரு வழி, முதல் கட்டம்னு பேர் வைங்க, அவர் ஒத்துக்குவார்.

புதுக்கணக்கு:

டிராஃப்ட மாத்திட்டேன். மூணு மாசத்துல முதல் கட்டம் (ஷெட்டுனு எங்கயும் எழுதல), பரீட்சை எழுத வேண்டிய பசங்களுக்கு பக்கத்து ஐடிஐ-ல ரெண்டாவது ஷிப்ட், தற்காலிக அஃபிலியேஷன் அரசு பொறுப்பு, மூணு இடத்துல வெளியாள் செக்கிங், ரிப்போர்ட் வாசல்ல. கட்டுற பணம் தனி, நடத்துற பணம் தனி. நடத்துற பத்து வருஷத்துக்கு எங்க கம்பெனி எவ்வளவு ஒத்துக்கும்ங்கற இடத்துல மட்டும் கட்டம் போட்டு காலியா விட்டிருக்கேன், அத திங்கள்கிழமை மீட்டிங்ல டைரக்டரே நிரப்பணும். மெஷின் லிஸ்ட் இன்னும் போடல. லேத்து சார், நான் ஒரு லிஸ்ட் அனுப்பினா பாத்து சொல்வீங்களா?

லேத்து வாத்தியார்:

அனுப்பு தம்பி. ஆனா லிஸ்ட்டுக்கு மேல முதல் வரில சாங்ஷன் லோடு எத்தனை கிலோவாட்னு எழுதி அனுப்பு. அந்த வரி இல்லாம வந்தா நான் ஓப்பனே பண்ண மாட்டேன்.